ஒரு குழந்தை, இரண்டு காலண்டர்: 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையை வீட்டில் வளர்க்க முழுமையான வழிகாட்டி

கர்ப்பக் கணக்கு 40 வாரம். 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம். 32 நிறைவதற்குள் பிறந்தால் மிகக் குறைமாதம். 28-ஐயும் எட்டாமல் பிறப்பவர்கள் அதிலும் சிறியவர்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூவில் வாரக்கணக்கில் இருந்து, குழாயும் ஒயரும் கழன்று, ஒன்றே முக்கால் கிலோவோ இரண்டு கிலோவோ எடையோடு வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்காக எழுதியது இது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் மூளை வேகமாகப் பெருத்து மடிப்பு மடிப்பாகிறது. இந்தக் குழந்தைகளுக்கு அந்த வேலை கருவறைக்கு வெளியே, வெளிச்சத்திலும் சத்தத்திலும் ஊசிகளுக்கு நடுவிலும் நடந்திருக்கிறது. மீதி உங்கள் வீட்டில் நடக்கப்போகிறது. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே தேறி வருவார்கள். சிலருக்குக் கை கால் இறுக்கம், பார்வை, செவி, பேச்சு இவற்றில் ஒன்றில் சிக்கல் வரும். அது யாருக்கு என்பது டிஸ்சார்ஜ் அன்று முழுதாகத் தெரியாது. அதனால்தான் எல்லோரையும் விடாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

படி 1: வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

உங்கள் குழந்தைக்கு இரண்டு வயதுக் கணக்கு உண்டு. ஒன்று பிறந்த தேதியிலிருந்து வருவது. மற்றொன்று டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து வருவது. இதைத் திருத்திய வயது என்பார்கள்.

29 வாரத்தில், ஜனவரி 10 அன்று ஒரு குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். 40-இல் 29 போக 11 வாரம், அதாவது 77 நாள் முன்னதாக வந்துவிட்டது. பிறந்திருக்க வேண்டிய நாள் மார்ச் 28. ஜூலை 10 அன்று ஊருக்கு அது ஆறு மாதக் குழந்தை; திருத்திய வயதோ மூன்று மாதம் 12 நாள்தான். "ஆறு மாசம் ஆச்சே, இன்னும் குப்புற விழலையா?" என்று கேட்கும் அத்தைக்கு இதுதான் பதில். மூன்றரை மாதக் குழந்தை குப்புற விழ வேண்டியதில்லை.

எதற்கு எந்தக் காலண்டர் என்பதில்தான் தவறுகள் நடக்கின்றன. தடுப்பூசியும் முதல் கண் பரிசோதனையும் பிறந்த தேதிப்படி. தலை நிற்பது, உட்காருவது, பேசுவது, திட உணவு தொடங்குவது, எடை உயரத்தை அட்டவணையில் குறிப்பது எல்லாம் திருத்திய வயதுப்படி, இரண்டு வயது வரை.

"சின்னக் குழந்தை, ஊசி தாங்காது" என்று தடுப்பூசியையும் 11 வாரம் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கக்குவான் இருமலும் நிமோனியாவும் மிக மோசமாகத் தாக்குவது இந்தக் குழந்தைகளைத்தான். 6, 10, 14 வார ஊசிகளைப் பிறந்த தேதிப்படி, முழு அளவிலேயே போட வேண்டும். முதல் ஹெபடைடிஸ் பி ஊசியை மட்டும் எடை இரண்டு கிலோவுக்குக் குறைவு என்பதற்காக மருத்துவமனையில் சற்றுத் தள்ளியிருக்கலாம். போட்டாயிற்றா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "குறைமாதம்தானே, மெதுவாத்தான் வரும்." திருத்திய வயதுப்படியும் தாமதம் என்றால் அது தாமதம்தான். முன்னதாகப் பிறந்ததற்கான வாரங்களை ஒரு முறை கழித்தாயிற்று. இரண்டாம் முறை கழிக்கக் கூடாது.

படி 2: டிஸ்சார்ஜ் ஆகும்முன் ஃபைலைச் சரிபாருங்கள்

வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் விட்டுவிட்டால் பிறகு திரட்டுவது பெரும்பாடு. பிறந்த வாரம், பிறந்த எடை, தலைச் சுற்றளவு, தலை ஸ்கேன் எடுத்த தேதிகளும் முடிவுகளும், கண் பரிசோதனையின் கடைசி முடிவும் அடுத்த தேதியும், செவிப் பரிசோதனை, தைராய்டு பரிசோதனை, போட்ட தடுப்பூசிகள், கொடுக்கும் சொட்டு மருந்துகளின் அளவு. இவ்வளவும் எழுத்தில் வேண்டும்.

தலை ஸ்கேனில் இரத்தக் கசிவு என்று இருந்தால் எத்தனையாவது கிரேடு என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்றால் பெரும்பாலும் பெரிய பாதிப்பு இல்லாமல் போகும். மூன்று, நான்கு என்றாலோ, மூளை நீர் அறையைச் சுற்றியுள்ள வெண்பகுதியில் பாதிப்பு என்று எழுதியிருந்தாலோ, பிசியோதெரபியை உடனே தொடங்க வேண்டும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

படி 3: கண். தேதி தவறக் கூடாத ஒரே பரிசோதனை என்றால் இதுதான்

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் ஓரம்வரை வளர்ந்து முடிகின்றன. முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் தடுமாறி, குழாய்கள் தாறுமாறாகப் பெருகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும். இதை ஆர்ஓபி என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண் பளபளவென்று அழகாகவே இருக்கும். குழந்தை அழாது, கண் சிவக்காது. உங்களுக்கு ஏதாவது தெரியவரும்போது பார்வை போயிருக்கும்.

இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, பிறப்பெடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் குறைவு என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. ஜனவரி 10-இல் பிறந்த குழந்தைக்குக் கெடு பிப்ரவரி 9. அப்போது அது இன்குபேட்டரில் இருந்தாலும் சரி.

ஒரு முறை பார்த்து "நார்மல்" என்றால் முடிந்துவிடவில்லை. "குழாய்கள் முழுதாக வளர்ந்துவிட்டன, இனி வர வேண்டாம்" என்று டாக்டர் சொல்லும் வரை ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டும். பல குழந்தைகளின் பார்வை பறிபோனது டிஸ்சார்ஜுக்கும் அடுத்த பரிசோதனைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான். லேசரோ கண்ணுக்குள் ஊசியோ தேவை என்று சொன்னால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும்; நல்ல நாள் பார்க்க நேரமில்லை. பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை மாறுகண், கண் பவர் இரண்டையும் பாருங்கள்.

படி 4: காது

காதில் சின்னக் கருவி வைத்து நொடியில் முடியும் ஓஏஇ பரிசோதனை மட்டும் என்ஐசியூ குழந்தைக்குப் போதாது. கடும் மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல் ஆகியவை செவி நரம்பையே பாதிக்கக்கூடும். அப்போதும் காதின் உட்பகுதி சரியாக இருப்பதால் ஓஏஇயில் பாஸ் ஆகிவிடும். நரம்பு வழியாக ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையைக் கேளுங்கள். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் காதொலிக் கருவி மாட்ட வேண்டும் என்பது கணக்கு. காக்ளியர் இம்ப்ளான்ட் தேவைப்பட்டால் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ள வழியுண்டு.

படி 5: நெஞ்சோடு அணைத்த சூடு

1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது கங்காரு முறை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், எடை குறைந்த எல்லாக் குழந்தைக்கும் பிறந்தவுடனே, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் இதைச் செய்யச் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்தபின்னும் தொடருங்கள்.

குழந்தைக்குக் குல்லா, காலுறை, நாப்பி மட்டும். அம்மா முன்பக்கம் திறக்கும் நைட்டி அணிந்து சாய்ந்து உட்கார வேண்டும். மார்புகளுக்கு நடுவே குழந்தையை நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, தாடை நெஞ்சில் இடிக்காதபடி லேசாக மேலே தூக்கிவிடுங்கள். கைகள் மடங்கி, கால்கள் தவளைக் கால்போல விரிந்து மடங்கி இருக்கட்டும். துவைத்த மென்மையான பருத்திப் புடவையால் குழந்தையின் காது மட்டம்வரை சேர்த்துக் கட்டுங்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது ஒரு மணி நேரம். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் தூக்கம் கலைந்த சிரமம்தான் மிச்சம். அப்பாவும் பாட்டியும் செய்யலாம், செய்ய வேண்டும். எடை இரண்டரைக் கிலோவைத் தொடும்போது குழந்தையே நெளிந்து திமிறும், அப்போது விட்டுவிடலாம்.

அக்குளில் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ்வரை இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத நேரத்தில் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். வயிறு சூடாக, பாதம் சில்லென்றிருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லென்றால் கங்காரு முறையில் அணைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படி 6: பால், சொட்டு மருந்து, எடை

நேரடியாகச் சப்பிக் குடிக்கும் வலு வரும்வரை பாலாடை அல்லது சங்கு நல்லது. தலையும் கழுத்தும் தாங்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் வைத்து, பாலாடையின் நுனியைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்துக் காத்திருங்கள். குழந்தை நாக்கை நீட்டி உறிஞ்சும். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பிறகு வரும் நிமோனியாக்களில் சில இப்படித் தொடங்குபவை.

முழு அளவு பால் எடுக்கும் குழந்தைக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 150 முதல் 180 மி.லி. ஒரு நாளைக்கு. 1.8 கிலோ குழந்தைக்கு 180 வீதம் 324 மி.லி.; இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் வேளைக்கு 27 மி.லி. தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். இந்தக் குழந்தைகள் பசித்து அழும் என்று நம்பியிருக்கக் கூடாது. எடை நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரே தராசில், துணியில்லாமல் எடுங்கள்.

சொட்டு மருந்தில் நடக்கும் பிழையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். இரும்புச்சத்து கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 மி.கி., பொதுவாக ஒரு வயது வரை. 1.8 கிலோ குழந்தைக்கு 2 மி.கி. வீதம் 3.6 மி.கி. ஒரு மி.லி.யில் 10 மி.கி. உள்ள பாட்டில் என்றால் 0.36 மி.லி. மருந்துக்கடைக்காரர் "இதுவும் அதேதாங்க" என்று 25 மி.கி. பாட்டிலைக் கொடுத்து, நீங்கள் பழையபடி 0.36 ஊற்றினால் இரண்டரை மடங்கு போகிறது. வைட்டமின் டி சொட்டிலும் ஒரு மி.லி.க்கு 400 யூனிட், 800 யூனிட் என இரண்டு வகை கிடைக்கும். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரு மி.லி.யில் எவ்வளவு என்று பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். சொட்டாக எண்ணாமல் ஊசியில்லாத ஒரு மி.லி. சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். எடை ஏற ஏற அளவும் ஏற வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று எழுதிய அளவையே ஆறு மாதம் கொடுத்து இரத்தசோகையோடு வரும் குழந்தைகள் நிறைய.

தலைச் சுற்றளவை வாரம் ஒரு முறை டேப்பால் மூன்று தடவை அளந்து, பெரிய எண்ணைக் குறித்து வையுங்கள். தொடர்ந்து வாரம் ஒரு செ.மீ.க்கு மேல் ஏறினால், உச்சிக்குழி புடைத்தால், கண்மணி கீழே இறங்கியபடி நின்றால் மூளையில் நீர் கோத்திருக்கலாம், அன்றே போங்கள். தலை வளராமல் நின்றாலும் அதே அளவு கவலைக்குரியது.

மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல், நெஞ்சுக்குழி உள்வாங்குதல், மூச்சு நின்று நின்று வருதல், உதடு நீலமாதல், பால் எடுக்க மறுத்துத் துவளுதல், வலிப்பு: இவற்றில் ஒன்று போதும், நடு இரவானாலும் கிளம்ப.

படி 7: வீட்டு வழக்கங்களில் எது வேண்டும், எது வேண்டாம்

பாட்டிமார்களின் அன்பில் குறையில்லை. ஆனால் இரண்டு கிலோ குழந்தையின் உடம்பு நிறைமாதக் குழந்தையின் உடம்பு அல்ல. சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். வெகுநாள் ஆக்சிஜனில் இருந்த நுரையீரல் அது. வசம்பு, உரை மருந்து, கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் நாக்கில் படக் கூடாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுப்பது, தலையையும் மூக்கையும் அழுத்தி "உருவம்" கொடுப்பது கூடாது. இரண்டரைக் கிலோ வரும்வரை தினம் குளிப்பாட்டாமல் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தெடுங்கள். தேங்காய் எண்ணெயை மென்மையாகத் தடவலாம். கை காலை இழுத்து நீவக் கூடாது.

தூளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துணித் தொட்டிலின் வளைவில் கழுத்து நிற்காத குழந்தையின் தாடை நெஞ்சில் போய்ப் படியும், மூச்சுப்பாதை ஒடுங்கும். மூச்சை மறந்துபோகும் பழக்கம் இன்னும் முழுதாக விலகாத குழந்தைக்கு இது ஆபத்து. தட்டையான, கெட்டியான படுக்கையில், மல்லாக்க, தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல் தூங்கட்டும். என்ஐசியூவில் குப்புறப் போட்டிருந்தார்களே என்றால், அங்கே மானிட்டர் இருந்தது.

படி 8: விளையாட்டும் உடல் நிலையும்

முதலில் குழந்தையின் பேச்சைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விரல்களை விசிறிபோல் விரிப்பது, விக்கல், கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொள்வது, நிறம் மாறுவது எல்லாம் "போதும்" என்பதன் அடையாளம். ஒரே நேரத்தில் பார்த்து, பேசி, ஆட்டி, தட்டிக் கொடுத்தால் தாங்காது. ஒன்று போதும்: முகம் 20, 25 செ.மீ. தொலைவில், மெல்லிய குரல். அமைதியானதும் அடுத்தது.

கருவறையின் கடைசி வாரங்களில் இடநெருக்கடியில் சுருண்டு கிடப்பதால்தான் நிறைமாதக் குழந்தைக்குக் கை கால் மடக்கும் வலு வருகிறது. இவர்களுக்கு அது கிடைக்கவில்லை; கைகள் பக்கவாட்டில் விரிந்தே கிடக்கும். தூக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் இரண்டு கைகளையும் நெஞ்சருகே சேர்த்துவிடுங்கள். விழித்திருக்கும்போது உங்கள் நெஞ்சின் மேலும், பிறகு பாயிலும் குப்புறப் போட்டுப் பழக்குங்கள். ஒன்றிரண்டு நிமிடமாக நாளுக்கு ஐந்தாறு முறை தொடங்கி, மெல்ல மெல்ல மொத்தம் அரை மணி நேரம் வரை. தலை தூக்கச் சிரமப்பட்டால் நெஞ்சின் கீழே சுருட்டிய துண்டு வையுங்கள். முழங்கைகள் தோளுக்கு நேர்கீழே வரட்டும்.

திருத்திய ஐந்து மாதத்தில் மடியில் நிறுத்தினால் கால் விறைத்து, நுனிக்காலில் நிற்கும் குழந்தையைப் பார்த்து வீடே மகிழும். "பாரு, அதுக்குள்ள நிக்குறான்!" அது வலு அல்ல, இறுக்கமாக இருக்கலாம். பாதம் தட்டையாகப் படிகிறதா, முழங்கால் மடங்குகிறதா, நாப்பி மாற்றும்போது தொடைகள் எளிதாக விரிகின்றனவா என்று பாருங்கள். கால்கள் கத்தரிபோல் குறுக்கே போனால் பிசியோதெரபிஸ்ட் பார்த்தாக வேண்டும். வாக்கர் வண்டி இந்த இறுக்கத்தைக் கூட்டும். பரிசாக வந்தாலும் பரணில் போட்டுவிடுங்கள்.

திருத்திய 12 முதல் 14 வாரத்தில் செல்போனில் மூன்று நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். குழந்தை மல்லாக்க, விழித்து, அழாமல், கை கால் துணியில்லாமல் இருக்க வேண்டும். மேலிருந்து எடுங்கள், பொம்மை காட்டாதீர்கள், பேசாதீர்கள். இந்த வயதில் உடம்பெங்கும் சிறு சிறு துள்ளல் அசைவுகள் இருக்கும். பயிற்சி பெற்றவர் அதைப் பார்த்தே மூளைவாத (செரிபரல் பால்சி) அபாயத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும்.

படி 9: திட உணவு

திருத்திய ஆறு மாதத்தை ஒட்டி, தலை நன்றாக நின்று, பிடித்தால் உட்காரும்போது. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை வைத்து இந்தியாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், திருத்திய நான்கு மாதத்தில் தொடங்கியவர்களுக்கு எடை கூடுதலாக ஏறவில்லை. மருத்துவமனையில் சேர்ந்ததுதான் கூடியது.

கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் வயிற்றை நிரப்பும், எடை ஏற்றாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் குழைத்த பருப்புச் சாதம், அதில் ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய். எட்டு ஒன்பது மாதத்தில் கட்டி கட்டியாக மசித்தது. மிக்ஸியில் அடித்ததையே ஒரு வயது வரை கொடுத்தால் மெல்லப் பழகாது. நெடுநாள் குழாயில் பால் குடித்த குழந்தைக்கு வாயருகே எது வந்தாலும் பயம் இருக்கும். மூக்கைப் பிடித்து ஊட்டினால் அது நிலைத்துவிடும். கையில் உணவைக் கொடுத்து அளைய விடுங்கள்.

படி 10: எப்போது யாரிடம் போவது

பிறந்திருக்க வேண்டிய தேதியில் ஒரு முறை. பிறகு திருத்திய 3–4, 6–8, 12, 18, 24 மாதங்களில். என்ஐசியூவின் தொடர் கண்காணிப்புப் பிரிவிலோ, மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியில் உள்ள டிஇஐசி மையத்திலோ (வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டு உதவும் அரசு மையம்) காட்டலாம். அங்கே பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, செவிப் பரிசோதனை எல்லாம் ஓரிடத்தில் இலவசம்.

அதற்கு முன்பே ஓட வேண்டியவை, எல்லாம் திருத்திய வயதில்: மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நான்கில் தலை நிற்கவில்லை, கட்டைவிரல் உள்ளே மடங்கிய முஷ்டி திறக்கவில்லை, ஒன்பதில் உட்காரவில்லை, "பா பா, மா மா" ஒலிகள் இல்லை, பதினான்கில் எதையும் சுட்டிக்காட்டவில்லை, பதினெட்டில் நடக்கவில்லை அல்லது ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் "இடது கை பழக்கம்" என்று விடாதீர்கள். மறு கையில் பலவீனம் இருக்கலாம். வந்த திறன் மறைந்தால் எந்த வயதிலும் உடனே போங்கள்.

பேச்சுக்கு மருந்து பேச்சுதான். நாப்பி மாற்றும்போது, சோறு பிசையும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். சொல்லிவிட்டுக் குழந்தை பதில் ஒலி எழுப்பப் பத்து நொடி காத்திருங்கள். இரண்டு வயது வரை செல்போன் திரை வேண்டாம், சாப்பிட வைக்கவும் வேண்டாம்.

அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்மையும் அழுகையும் குற்ற உணர்ச்சியும் நீடித்தால் அவருக்கும் சிகிச்சை வேண்டும். அதே மருத்துவமனையில் சொல்லுங்கள்.

இரண்டு வயதானதும் வாரங்களைக் கழிப்பதை நிறுத்திவிடலாம். திருத்திய தேதி மறுபடி ஒரு முறை தேவைப்படும்: பள்ளியில் சேர்க்கும்போது. சரியான தேதியில் பிறந்திருந்தால் அடுத்த கல்வியாண்டில் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தை, முன்னதாகப் பிறந்ததால் இந்த ஆண்டுக் கணக்கில் வந்துவிடும். கவனக் குறைவும் கணக்கில் தடுமாற்றமும் இந்தக் குழந்தைகளிடம் பள்ளி வயதில்தான் வெளிப்படுகின்றன. சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்முன் ஃபைலை எடுத்துப் பிரசவத்துக்குக் குறித்த தேதியைப் பாருங்கள். தேவையானால் ஓர் ஆண்டு கழித்துச் சேர்த்துவிடுங்கள்.